தோட்டத்துக் கதையை முதலில் பெரட்டுக் களத்தில் காட்டுங்கள்

இலங்கை மலையகத் தோட்ட மக்களின் வரலாற்றுப் படம் என்றால் 1823, கம்பளைக் கோப்பித் தோட்டம், ஆட்கள் நடந்து வந்த மன்னார்க் காட்டுப் பாதை என்றுதான் பெரும்பாலும் தொடங்குகிறோம். அது எல்லாருக்கும் பொதுவான கதை. உங்கள் தோட்டத்துக்கென்று உள்ள கதை லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்கார்ந்திருக்கிறது. முதலில் அங்கே போங்கள்.

"எந்த வருஷம் பாட்டி?" என்று கேட்டால் பதில் வராது. நாட்டு நடப்பை வைத்துக் கேளுங்கள். "பஞ்சத்துக்கு முந்தியா, பிந்தியா?" என்றால் 1973, 74 பிடிபடும். "தோட்டத்த அரசாங்கம் எடுத்தப்போ ஒங்களுக்கு எத்தன புள்ள?" என்றால் 1975ஐ ஒட்டி வந்துவிடலாம். "ஒப்பாரிக் கோச்சியில ஒங்க வீட்டுல யாரு போனாங்க?" என்ற கேள்வியை மட்டும் அவசரமாகக் கேட்டுவிடாதீர்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர்தான் ஒப்பாரிக் கோச்சி. கூடப் பிறந்தவர்களை வழியனுப்பியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேச்சு நின்றால் அடுத்த கேள்விக்குத் தாவாமல் காத்திருங்கள். நிறுத்தச் சொன்னால் கெமராவை அப்போதே அணையுங்கள்.

படம் கொஞ்சம் மங்கினாலும் ஜனம் பார்க்கும். குரல் கேட்காவிட்டால் எழுந்து போய்விடும். தகரக் கூரையில் மழை விழுந்தால் மென்பொருளால் அந்த இரைச்சலை முழுதாகப் பிரிப்பது கடினம். மலையில் பகல் சாய்ந்தபின் மழை பிடிக்கும் மாதங்களில் ஞாயிறு காலையே நல்லது, கொழுந்து நிறுவையும் இராது. சட்டை மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சேலை மடிப்பு உரசாத இடத்தில் குத்துங்கள். லயத்து அறையான காம்பிராவுக்குள் டியூப் லைட் எரிந்தால் வினாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 30இல் எடுத்த படம் சிமிட்டக்கூடும். இஸ்தோப்பு வாசல் வெளிச்சம் கிடைத்தால் லைட்டே வேண்டாம்.

மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு இந்த அளவுகள் சரிவரா. தப்பு என்னும் பறையின் அடி கைபேசி மைக்கில் ஒலியை உடைத்துவிடும். பதினைந்தடி தள்ளி, பக்கவாட்டில் நின்று, ஒலியளவைக் குறைத்து எடுங்கள். பனியில் தோல் தளர்ந்ததும் தப்பை நெருப்பில் காய்ச்சுவார்கள். பலர் அந்த நேரம் கெமராவை அணைத்துவிடுகிறார்கள். அடுத்த அடவைப் பற்றிய பேச்சு, பெரியவர் இளையவரைத் திருத்துவது எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பழைய பாஸ்போட், பிரஜாவுரிமைச் சான்றிதழ், எப்போதாவது ஒரு துண்டுகூடக் கிடைக்கலாம். கடனை அடைத்தால் ஆளை விடுவதாகத் தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டுதான் துண்டு. 1921இல் அந்த முறை ஒழிந்தது. எதையும் லெமினேட் பண்ண விடாதீர்கள்: சூட்டில் மை மங்கும், உள்ளே சிக்கிய ஈரம் தாளைத் தின்னும். ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் அடிமட்டம் வைத்து, முன்னும் பின்னும் எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

கேட்டதைச் சரிபார்க்கும்போது ஒரு சிக்கல் வரும். பல தோட்டங்களுக்கு ஆட்கள் புழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று, பதிவேட்டுப் பெயர் இன்னொன்று. தோட்டங்களைப் பட்டியலிட்ட பழைய ஃபேர்கசன் டைரக்டரியில் ஏக்கரும் துரையின் (தோட்ட மேலாளரின்) பெயரும் பார்க்க ஆங்கிலப் பெயர் வேண்டும். அதில் தொழிலாளர் பெயர் இராது, அதற்குத் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோல்தான்.

பத்து நிமிடத்துக்குள் வெட்டிய படத்தைக் கொழும்பு மண்டபத்துக்குக் கொண்டுபோகுமுன் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் போடுங்கள். ஆறரைக்கு மேல் இருட்டிவிடும். மூடுபனி இறங்கினால் புரொஜெக்டரின் ஒளி திரைக்குப் போகாமல் நடுவிலேயே வெள்ளையாக நின்றுவிடும். திரையைச் சிறிதாக்கி, கருவியைக் கிட்டக் கொண்டுவாருங்கள். ஒலிபெருக்கி எதிர்மலையில் மோதித் திரும்பினால் ஒரு சொல்லும் விளங்காது. ஆகவே திரையின் இரு பக்கமும் சின்னப் பெட்டிகளை வைத்து, ஓசையைக் குறைவாக வையுங்கள்.

படத்துக்குப் பிந்திய பேச்சு இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். படம் முடிந்ததும் மைக்கை முன்வரிசைப் பெரியவர்களிடம் கொடுங்கள். "அது மேப்பிரிவு லயம் இல்ல, கீப்பிரிவு", "அவரு கங்காணி இல்ல, கணக்கப்பிள்ளை" என்று திருத்தம் வரும். அதையும் பதிவு செய்து, மறுபடி வெட்டுங்கள். திருத்திய பிரதி ஒன்று முதலில் பேசிய பாட்டியின் வீட்டுக்கு, அவர்கள் வீட்டு டீவியில் ஓடுகிற பென்டிரைவில் போக வேண்டும்.