பிடிப்பதற்கு முன் சாரையை அறிதல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலும், அவற்றை ஒட்டி எழுந்த தாமான்கள் எனும் குடியிருப்புகளிலும், பாம்பு வந்துவிட்டது என்று யாரேனும் பதறி அழைத்து நான் போய்ப் பார்க்கும்போது, அங்கே பெரும்பாலும் இருப்பது சாரைதான். நஞ்சில்லாத அந்தப் பாம்பு, நாகம் என்று தவறாகக் கருதப்பட்டே அடிபட்டுச் சாகிறது. சாரை பிடிப்பதை நான் பொழுதுபோக்காகக் கொண்டவன் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் பிடிப்பது மிகச் சிறிய பங்கு. அடையாளம் காண்பதே அதன் உயிர். எதிரில் இருப்பது எந்தப் பாம்பு என்று ஐயமின்றிச் சொல்ல முடியாதவன் கையை நீட்டக்கூடாது என்பதை மட்டும் நான் எவருக்காகவும் தளர்த்துவதில்லை.

நம் பக்கத்தில் சாரை என்று ஒரே பெயரால் அழைக்கப்படுபவை உண்மையில் பல இனங்கள். தோட்டத்தில் மிகுதியாகக் காணப்படுவது உயிரியலாளர்கள் தியாஸ் கோரோஸ் என்று குறிப்பிடும் இனம். மெலிந்த நீண்ட உடல், முன்பாதியில் பழுப்பு அல்லது ஆலிவ் நிறம், மஞ்சள் கலந்த வெளிறிய வயிறு, முகத்தின் அளவுக்கு மிஞ்சியதாகத் தோன்றும் பெரிய வட்டக் கண்கள். பின்பாதியிலும் வாலிலும் செதில்களின் ஓரங்கள் கறுத்து, மீன்வலையை விரித்துப் போர்த்தியது போன்ற தோற்றம் தரும். குட்டிகளுக்கோ உடலின் குறுக்கே வெண்புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடுவதால், தாயையும் குட்டியையும் அருகருகே வைத்தாலும் ஒரே இனம் என்று நம்பப் பலர் தயங்குவர். பகலில் இரை தேடும் பாம்பு இது. காலை வெயில் ஏறும் வேளையில் செம்பனை நிரைகளுக்கிடையே அடுக்கிய ஓலைகளின் மேல் உடலை நீட்டிக் கிடக்கும்.

தமிழ்நாட்டில் சாரை என்றால் நினைவுக்கு வருவது இதன் நெருங்கிய உறவான தியாஸ் மியூக்கோசா. ஊரிலிருந்து வந்த நம் முன்னோர்கள் அறிந்திருந்த பாம்பு அதுதான். இங்கே கண்டதற்கும் அதே பெயரையே வைத்தார்கள். இன்னொன்று, தலையில் செம்பு நிறமும், கண்ணிலிருந்து பிரிந்து செல்லும் மூன்று கருங்கோடுகளும், உடலின் முன்பகுதியில் நீளவாக்கில் கருவரிகளும் கொண்ட வரிச்சாரை. சீண்டினால் கழுத்தை வளைத்து வாயைப் பிளந்து பாயும். அதுவும் பலிக்காவிட்டால் செத்ததுபோல் மல்லாந்து கிடக்கும். இதன் வாய்ச்சுரப்பில் நரம்பைத் தாக்கும் புரதம் ஒன்று இருப்பதை 2003-இல் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினர். மனிதருக்கு அதனால் தீங்கு இல்லை என்றாலும், நஞ்சற்றது என்ற சொல்லுக்குள்ளும் இயற்கை எத்தனை படிகளை வைத்திருக்கிறது என்று எண்ணி நான் வியப்பதுண்டு.

உண்மையான இடர்ப்பாடு பெருஞ்சாரையிடம்தான் இருக்கிறது. தியாஸ் காரினாத்தா எனப்படும் இந்தப் பாம்பு நான்கு மீட்டர் வரை வளரக்கூடியது. காடும் தோட்டமும் சந்திக்கும் ஓரங்களில் இதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ராஜநாகம் என்றே சத்தியம் செய்வார்கள். அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டும் நீளமானவை, இரண்டும் ஆலிவும் பழுப்பும் கலந்த நிறத்தவை, இரண்டும் ஒரே காட்டோரத்தில் திரிபவை. உலகிலேயே மிக நீளமானதாக அளக்கப்பட்ட ராஜநாகம் 1937-இல் போர்ட்டிக்சன் அருகே பிடிபட்டு லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 5.71 மீட்டர் வரை வளர்ந்தது. ஆகவே, நம் நாட்டில் நீளமான பாம்பொன்றைக் கண்டு சாரையாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு நெருங்குவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

வேறுபாடுகள் தெளிவானவை; ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பெருஞ்சாரையின் முதுகின் நடுவரிசைச் செதில்களில் மெல்லிய மேடு ஓடும். ராஜநாகத்தின் செதில்கள் வழவழப்பானவை. பெருஞ்சாரையின் வால் கருமையும் வெளிர்மஞ்சளும் மாறி மாறி அமைந்த கட்டங்களாக இருக்கும். ராஜநாகத்தின் உச்சந்தலையில், பெரிய கேடயச் செதில்களுக்குப் பின்னால், மேலும் இரண்டு பெரிய செதில்கள் சோடியாக அமைந்திருக்கும். சாரைகளில் அவை இல்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே சாரையில் காணப்படும் சிறு செதில், நாக இனங்கள் எவற்றிலும் கிடையாது. இவற்றைத் தொலைவிலிருந்து நல்ல கேமராவின் வழியாகப் பார்க்க வேண்டுமே தவிர, குனிந்து பார்க்கக் கூடாது.

உருவத்தைவிடச் சில வேளைகளில் நடத்தையே விரைவாக உண்மையைச் சொல்லிவிடும். அச்சுறுத்தப்பட்ட சாரை கழுத்தை மேலும் கீழுமாக உப்பவைக்கும். பக்கவாட்டில் பார்த்தால் கழுத்து தடித்தும், மேலிருந்து பார்த்தால் ஒடுங்கியும் தெரியும். நாகமோ விலா எலும்புகளை இரு பக்கமும் விரித்துப் படமெடுக்கும். எதிரில் நிற்பவருக்கு இரண்டும் "கழுத்து பெருத்துவிட்டது" என்று மட்டுமே தோன்றுவதால் குழப்பம் நேர்கிறது. உறுமலை நம்பி முடிவெடுக்கவும் முடியாது. தமிழ்நாட்டுச் சாரையும் உறுமும், ராஜநாகமும் உறுமும். நம் வீடுகளைச் சுற்றித் திரியும் நஞ்சு உமிழும் கருநாகம் இன்னும் கவனத்துக்கு உரியது. வளர்ந்த கருநாகத்தின் படத்தில் பெரும்பாலும் எந்தக் குறியும் இராது. கண்கள் சிறியவை, உடல் கறுத்துப் பளபளக்கும். கண்ணை நோக்கியே நஞ்சை உமிழும் என்பதால், கண்ணாடி அணியாமல் எந்தக் கரிய பாம்பின் முன்னும் நிற்காதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பாம்பே இல்லாமல் பாம்பை அடையாளம் காணக் கற்றுத் தருவது சட்டை. உரித்துப்போட்ட பாம்புச் சட்டை ஓலை அடுக்குகளிலும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயத்து வீடுகளின் கூரை இடுக்குகளிலும் கிடைக்கும். அதை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வெள்ளைத் தாளில் விரித்து, உடலின் நடுப்பகுதியில் செதில் வரிசைகளை எண்ண வேண்டும். தியாஸ் கோரோஸில் 15 வரிசைகள். தமிழ்நாட்டுச் சாரையில் பொதுவாக 17. பெரும்பாலான பாம்புகளில் இந்த எண் ஒற்றைப்படையாகவே அமையும். பெருஞ்சாரையில் 16 அல்லது 18 என்று இரட்டைப்படையில் வரும். ராஜநாகத்திலும் 15 என்பதால் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், கழிவுத்துளையை மூடும் செதிலையும் பார்க்க வேண்டும். நாகங்களில் அது ஒற்றைச் செதில். தியாஸ் சாரைகளில் இரண்டாகப் பிளந்திருக்கும். தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்: உயிருள்ள பாம்பைத் தேடாதீர்கள், சட்டையைத் தேடுங்கள். ஆபத்தே இல்லாத, கற்றுக்கொள்ள எல்லையே இல்லாத பாடம் அது.

பத்துமலைச் சுண்ணாம்புக் குகைகளில் வௌவால்களைத் தின்று வாழும் நீண்ட வால்கொண்ட பாம்பு ஒன்று உண்டு. அதுவும் சாரைகளுக்கு உறவுதான். 1899-இல் அதற்கு ரிட்லி என்ற தாவரவியலாளரின் பெயரைச் சூட்டினார்கள். மரம் பட்டுப்போகாமல் பால் வெட்டும் முறையை வகுத்து, மலாயாவில் ரப்பர் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை விடாமல் வற்புறுத்தியவர் அவர். நம்மவர் இந்த மண்ணுக்குத் திரளாகக் கொண்டுவரப்பட்ட வரலாற்றில் பெரும்பங்கு வகித்த ஒரு பயிரும், பத்துமலைக் குகையின் இருட்டில் வாழும் ஒரு பாம்பும் ஒரே மனிதரின் பெயரால் இணைந்திருப்பது, தைப்பூசத்துக்குப் படியேறும் ஒவ்வொரு முறையும் என் நினைவுக்கு வருகிறது.

இனி, நம் வீடுகளில் வேரூன்றிய ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லயத்து வீடு ஒன்றின் கோழிக்கூண்டில் சாரை புகுந்தபோது, அந்த வீட்டுப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத விடாத தம்பி, இது நாகத்தோட ஆம்பளை. இத அடிச்சாத்தான் நாகம் வராது" என்றார். "இல்லைங்க பாட்டி, இதுல ஆணும் உண்டு, பொண்ணும் உண்டு. நாகம் வேற சாதி" என்றேன். "எங்க அப்பா கண்ணால பாத்தாரு, ரெண்டும் பின்னிக்கிட்டு ஆடுனுச்சு" என்றார். அவர் தந்தை கண்டதாகச் சொல்லும் காட்சியை நான் மறுக்கவில்லை; அப்படிப் பின்னிக்கொண்டு ஆடுபவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். இணை சேரும் பருவத்தில் இரண்டும் உடலைப் பிணைத்து, முன்பாதியை உயர்த்தி, எதிரியின் தலையைத் தரையில் அழுத்த முயலும். கடிப்பதில்லை, தோற்றது விலகிப் போய்விடும். சாரையும் நாகமும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை, அவை இணை சேர்வதில்லை. சொல்லப்போனால், ராஜநாகத்தின் விருப்ப உணவுகளில் சாரையும் ஒன்று. பாட்டி நான் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. என்றாலும் கையை விட்டார்.

பிடிக்கும் முறையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, ஏனெனில் எழுத்தைப் படித்து எவரும் பிடிக்க இறங்கக் கூடாது. சாரை மிக விரைவாக ஓடும், விரைவாகக் கடிக்கும், வாலால் சுழற்றி அடிக்கும், கழிவுத்துளையிலிருந்து குமட்டும் நாற்றமுள்ள நீரைப் பீய்ச்சும். கழுத்தை நசுக்கிப் பிடிப்பது திரைப்படத்துக்குரிய வழக்கம். அது பாம்பின் முதுகெலும்பைச் சேதப்படுத்தும். வாலின் மேற்பகுதியை ஒரு கையால் பற்றி, வளைந்த கோலால் உடலின் நடுப்பகுதியைத் தாங்கி, இருட்டான துணிப்பையின் வாயை ஒரு குழாய்த்துண்டில் பொருத்தி அதன் முன்னே காட்டினால், ஒளிய இடம் தேடும் பாம்பு தானே உள்ளே போய்விடும். கடித்துவிட்டால் சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கடித்தது சாரைதான் என்பதில் துளி ஐயம் இருந்தாலும் அதை நஞ்சுக்கடியாகவே கருதி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிடிப்பதில் உண்மையான தேர்ச்சி என்பது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் தமிழ்நாட்டு இருளர்களைக் காட்டுவேன். தடத்தையும் எச்சத்தையும் சட்டையையும் படித்தே பாம்பு எங்கே இருக்கிறது என்று சொல்பவர்கள் அவர்கள். 1978 முதல் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்புகளைக் கொல்லாமல் நஞ்செடுத்து, நஞ்சுமுறி மருந்து தயாரிக்க உதவி வருகிறார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தனர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பைப் பார்ப்பதற்கு முன்பே அதன் இருப்பை அறிவதுதான் அவர்களுடைய பெருமை.

நம் நாட்டில் இதற்குச் சட்டத்தின் எல்லையும் உண்டு. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட உயிரினங்களை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். தமிழ்நாட்டுச் சாரை, தோல் வணிகத்தால் அருகிவிடாமல் இருக்க, 1990-இலேயே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே, பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. பொதுத் தற்காப்புப் படையில் தன்னார்வலனாகப் பயிற்சி பெற்றதால், வீட்டுக்குள் பாம்பு புகுந்ததாக அழைப்பு வரும்போது குழுவோடு சென்று பிடிக்கிறேன். மற்ற வேளைகளில் பார்ப்பதும், படமெடுப்பதும், இடத்தையும் நேரத்தையும் குறித்து வைப்பதுமே என் வேலை. உங்கள் வீட்டில் பாம்பு நுழைந்தால் 999-ஐ அழையுங்கள். அதுவரை தொலைவில் நின்று, அது எங்கே போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

பிடித்த சாரையை எங்கே விடுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தொலைதூரக் காட்டில் கொண்டுபோய் விட்டால், அறியாத இடத்தில் ஒளிவிடமும் இரையும் தெரியாமல் அது அலையும். பிடித்த இடத்துக்கு அண்மையிலேயே, வீடுகளிலிருந்து விலகிய நிரைகளின் ஓலை அடுக்கில், தோட்ட நிருவாகத்திடம் சொல்லிவிட்டு விடுவதே முறை. செம்பனைக் குலைகளைக் கொறித்துப் பெருநட்டம் விளைவிப்பது எலி. அதைக் கட்டுப்படுத்தக் கூண்டுகள் அமைத்துக் கூகைகளை வளர்க்கும் தோட்டங்கள் நம் நாட்டில் ஏராளம். கூகை இரவில் வேட்டையாடும். சாரை பகலில் ஓலைக்கு அடியில், எலி ஒளியும் பொந்துக்குள்ளேயே புகுந்து வேட்டையாடும். எலி மருந்து வைக்கும் தோட்டங்களில் மருந்துண்ட எலியைத் தின்று கூகையும் சாரையும் நஞ்சேறி மடிய நேரிடுவதால், கூகைக்குக் கூண்டு வைக்கும் அதே அக்கறையோடு மருந்தின் அளவையும் குறைக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்துத் தோட்ட நிருவாகத்திடம் தொடர்ந்து கேட்டு வருகிறேன். அடுத்த மருந்து வைப்புக்கு முன்னர், எந்தெந்த நிரைகளில் சாரையின் சட்டைகள் கிடைத்தன என்று வரைந்த படத்தை அவர்களிடம் கொடுக்க இருக்கிறேன்.