இறக்கத்துக்கு அஞ்சியவனின் மலைப் பயணம்

நான்கு குளிர்காலங்களாகக் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கில், அதாவது ஏற்ற இறக்கமான பனித் தடங்களில் சொந்தக் கால் கை பலத்தால் வழுக்கிச் செல்வதில், ஈடுபட்டு வந்தும், தடம் கீழ்நோக்கி வளையும் இடங்களில் எனக்குத் தெரிந்த ஒரே பிரேக், பனியில் உட்கார்ந்துவிடுவதுதான். சென்ற ஆண்டு அப்படி உட்கார்ந்ததில் ஊன்றுகோல் ஒன்று முறிந்தது. அதன் பிறகே, காட்டுத் தடங்களைச் சில நாட்கள் மறந்து, லிஃப்ட் உள்ள மலைச்சரிவொன்றில் டவுன்ஹில் சறுக்கைக் கற்பதென்று புறப்பட்டேன்.

கிராஸ் கன்ட்ரி போட்டித் தடங்களில் ஏற்றம், இறக்கம், மேடுபள்ளம் ஆகிய மூன்றும் ஏறத்தாழச் சம பங்காக அமைய வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். தூரத்தில் சமமானாலும் நேரத்தில் அப்படியில்லை: அரை மணி நேரம் மூச்சு வாங்க ஏறினால், இறங்குவதற்கு இரண்டு மூன்று நிமிடங்களே கிடைக்கின்றன. லிஃப்ட் ஏற்றிவிடும் சரிவிலோ முதல் முற்பகலிலேயே பத்து முறை இறங்கிவிட்டேன்.

அன்று முழுவதும் காலில் மாட்டிய சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பகுதிகளை அகற்றி, ஆப்பு வடிவில் வேகத்தைக் குறைக்கும் பயிற்சி. மறுநாள் திருப்பங்கள். வலப்புறம் திரும்ப இடக்காலில் எடையை ஏற்ற வேண்டும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் அச்சம் எழுந்ததும் உடல் தானாகப் பின்னால் சாய்ந்துவிடுகிறது, சாய்ந்த மறுகணமே பலகையின் முன்பகுதி சொன்னபடி கேட்பதில்லை. கைகளை முன்னே வைத்து, பலகையின் நுனியைப் பாராமல் அடுத்த வளைவைப் பார்க்கப் பழகியதும் அந்தச் சாய்வு குறைந்தது. குதிகாலைப் பலகையோடு பூட்டிவிடும் விறைப்பான காலணியில் இந்தத் தவற்றை உணர்வதும் எளிது. எல்லாவற்றினும் பயனுள்ளதாக நான் கருதுவது, சரிவைக் குறுக்காகக் கடக்கையில் மேற்புறக் காலைத் தூக்கி, கீழ்ப்புறப் பலகையில் மட்டும் வழுக்கிச் செல்லும் பயிற்சியே. கிராஸ் கன்ட்ரியில் ஒவ்வோர் உந்தலுக்குப் பின்னும் ஒற்றைக் காலில் நீண்டு வழுக்குவதற்குத் தேவைப்படும் சமநிலை அதுதான்.

கற்ற அனைத்தும் அப்படியே கைகொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தடத்துக்குத் திரும்பிய முதல் இறக்கத்தில், டவுன்ஹில் காலணியின் முன்விளிம்பில் கணுக்காலை அழுத்திச் சாய்ந்த பழக்கத்தில் இங்கும் சாய, தடப் பலகையில் பூட்டப்படாத குதிகால் எழும்பி முகம் குப்புற விழுந்தேன். (ஊன்றுகோல் தப்பியது.) தடப் பலகை ஐந்து சென்டிமீட்டரைக்கூட எட்டாத ஒடுக்கம், பெரும்பாலானவற்றில் உலோக விளிம்பும் இல்லை, ஆகவே உறைந்த பனியில் பலகையைச் சாய்த்து மட்டும் திரும்பிவிட முடியாது. சிறு சிறு எட்டுகளாகக் கால் மாற்றி வைத்தே அந்த வளைவுகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. அந்த எட்டுகளை நிதானமாக வைக்கும் அளவுக்கு வேகம் இப்போது பழகிவிட்டது. முன்பு ஊன்றுகோல் முறிந்த அதே வளைவை, மூன்றாவது முயற்சியில், உட்காராமல் கடந்தேன்.