நாக்கை நீட்டியதும் ஏறிய கட்டி

மகளுக்கு அப்போது 6 வயது. தலை பின்னிவிடும்போது தொண்டைக்கு நேர் நடுவில் சுண்டைக்காய் அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. "நெறி கட்டியிருக்கும்" என்று மாமியார் மஞ்சள் பற்றுப் போட்டார். முதலில் பார்த்த மருத்துவரும் நெறி என்றுதான் மாத்திரை எழுதினார். கட்டி கரையவில்லை. அடுத்து சளி பிடித்தபோது சிவந்து வீங்கி, தொட்டாலே அழுதாள்.

குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் "எச்சில் முழுங்கு பாப்பா, இப்போ நாக்கை நல்லா நீட்டு" என்றார். நீட்டியதும் கட்டி மேலே ஏறியது. நெறி அப்படி ஏறாது.

கருவின் 4-வது வாரத்தில் தைராய்டு சுரப்பி முளைப்பது நாக்கின் அடிவேரில்தானாம். அங்கிருந்து கழுத்தின் நடுவே இறங்கி, 7-வது வாரம் வாக்கில் மூச்சுக்குழாய்க்கு முன்னால் வந்து அமர்கிறது. வந்த வழியில் நீளும் மெல்லிய குழாய் பிறகு தூர்ந்துவிட வேண்டும். தூராமல் மிஞ்சிய இடத்தில் நீர் கோத்தால் தைரோகுளோசல் சிஸ்ட். தேதி தள்ளிப்போய் நான் நாள் எண்ணிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. "நான் ஏதாவது சாப்பிட்டதாலயா?" என்று கேட்டேன். "உங்களால இல்லம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் அவரைக் கும்பிடுகிறேன்.

வீக்கம் அடங்க மருந்து கொடுத்தார்கள். பிறகு கழுத்தில் ஸ்கேன். சில குழந்தைகளுக்கு இருக்கிற ஒரே தைராய்டு அந்தக் கட்டியிலேயே தங்கியிருக்குமாம். தெரியாமல் எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க மாத்திரை. எங்களுக்குச் சுரப்பி அதன் இடத்தில் இருந்தது. இந்த ஸ்கேன் இல்லாமல் அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள்.

எலும்பையும் வெட்டுவோம் என்றதும் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. நாக்குக்குக் கீழே லாட வடிவில் ஹையாய்டு என்றொரு சின்ன எலும்பு. அந்தக் குழாய் அதை ஒட்டியும் சில சமயம் ஊடுருவியும் போகும். கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். அதனால் எலும்பின் நடுத்துண்டோடு, நாக்கின் அடிவேர்வரை குழாய் வந்த வழியையே எடுக்கிறார்கள். 1920-இல் சிஸ்ட்ரங்க் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்த முறை. பேச்சு போகாது, விழுங்குவதும் போகாது என்று படம் வரைந்து காட்டிய பிறகே கையெழுத்திட்டேன்.

இரண்டு நாள் கழுத்தில் ரத்தநீர் வடியும் குழாய். ஆறிய கஞ்சியும் இளநீரும்தான் இறங்கின. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

இப்போது தழும்பு கழுத்து மடிப்புக்குள் மறைந்துவிட்டது. சில இரவுகளில் மட்டும், தூங்குமுன் "நாக்கை நீட்டு கண்ணு" என்று விரலை வைத்துப் பார்க்கிறேன். எதுவும் ஏறுவதில்லை.