எல்க் வேட்டைக்கு எந்த ரவை? நோர்வேக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நோர்வேயின் உள்நாட்டுக் கிராமங்களில் குடியேறும் எம்மவருக்கு, செப்டம்பர் 25 வந்ததும் ஊரே காட்டுக்குள் இறங்குவது முதலில் விளங்காது. எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடத் தொடங்கும் நாள் அது. அயலவர் தங்கள் வேட்டைக்குழுவுக்குக் கூப்பிட்டால் தட்டிக்கழிக்காதீர்கள். மொழி வகுப்பு தராத நெருக்கம் அங்கே கிடைக்கும்.

முதலில் 30 மணிநேர வேட்டைக்காரர் பாடநெறியும் பரீட்சையும். பிறகு பொலிஸ் அனுமதி, வீட்டில் அங்கீகரிக்கப்பட்ட இரும்புப் பெட்டகம். இவை முடிந்து கடைக்குப் போகும்போதுதான் உண்மையான கேள்வி எழும்: எந்த ரவைக்கான துவக்கு?

வன்னியில் மரை பார்த்தவர்களுக்குக்கூட எல்க் மலைப்பாகத்தான் இருக்கும். வளர்ந்த ஆண் 400 கிலோவைத் தாண்டலாம். அந்த உருவத்தை நினைத்துக்கொண்டு .338 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய ரவைக்கான துவக்கை வாங்கத் தோன்றும். முதல் துவக்குக்கு அது வேண்டாம். 4 கிலோ துவக்கில் 6.5×55 என்ற சிறிய ரவை தோளில் தரும் உதை ஏறக்குறைய 16 ஜூல், .30-06 தருவது 24, 9.3×62 தருவது 40. உதைக்குப் பயந்த உடம்பு விசை விடுபடும் முன்னரே குனியும், சன்னம் (ரவையிலிருந்து பாயும் குண்டு) கீழே போகும். பெரிய ரவையால் வயிற்றில் பட்ட வெடியைவிட, சிறிய ரவையால் நுரையீரலில் பட்ட வெடி எல்க்கை விரைவாக விழுத்தும். பயம் இருக்கிறதா என்று அறிய, வெடிக்காத போலி ரவை ஒன்றை இன்னொருவரைக் கொண்டு மற்றவற்றோடு கலந்து போடச் சொல்லுங்கள். அது வரும்போது துவக்கின் நுனி அசைந்தால் விடை தெரிந்துவிடும்.

ஆனால் சிறிய ரவை என்றால் ரவைப் பெட்டியில் எழுதியிருப்பதைக் கவனமாக வாசிக்கவேண்டும். எல்க்குக்கு 9 கிராமுக்குக் குறைந்த சன்னம் சட்டப்படி கூடாது. 9 முதல் 10 கிராம் வரையான சன்னம் 100 மீட்டரில் 2700 ஜூல் வைத்திருக்கவேண்டும். 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2200 போதும். 1894 முதல் நோர்வே, சுவீடன் படைகளின் ரவையாக இருந்த 6.5×55இல் பலர் தடுமாறுவது இங்கேதான். 140 கிரெயின் சன்னம் 9.1 கிராம், செக்கனுக்கு 800 மீட்டரில் புறப்பட்டால் குழல்வாயில் 2900 ஜூல், 100 மீட்டரில் 2500 அளவுதான். தேறாது. 156 கிரெயின் சன்னம் 10.1 கிராம், 760 மீட்டர் வேகத்தில் அதுவும் 2900 ஜூலுடன்தான் புறப்படுகிறது, 100 மீட்டரில் 2400க்கு இறங்குகிறது, ஆனாலும் தேறும். பாரமான சன்னம் ஆழமாக ஊடுருவும் என்பதால் இந்தச் சலுகை. ஈயமில்லாத செப்புச் சன்னங்கள் அதே நீளத்தில் எடை குறைந்தவை, அங்கே 6.5 நெருக்கடியில் மாட்டும்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு .308 அல்லது .30-06, 180 கிரெயின், அதாவது 11.7 கிராம். ரவை எந்தக் கடையிலும் கிடைக்கும், .308 விலையும் குறைவு. 1905இல் பெர்லினில் உருவான 9.3×62 அருமையான ரவை, 18.5 கிராம் சன்னம் மிதமான வேகத்தில் போவதால் தோள் இறைச்சியும் அவ்வளவு கெடாது. நன்றாகச் சுடப் பழகிய பிறகு அதற்கு மாறலாம். நெருக்கத்தில் இறைச்சியை அதிகம் பாழாக்குவது வேகமான, மென்மையான சன்னங்கள்தான். பங்குபோடும் நேரத்தில் குழுவினர் முகம் சுளிப்பார்கள். சத்தம் குறைப்பான் இங்கே சட்டபூர்வமானது, உதையையும் குறைக்கும். தயங்காமல் பூட்டுங்கள்.

ஒவ்வொரு ஆண்டும் 30 பயிற்சி வெடிகள், பிறகு சுடும் பரீட்சையில் 100 மீட்டரில் கலைமான் உருவ இலக்கின் 30 சென்ரிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்தும் படவேண்டும். வேட்டைக்கு எடுத்துச்செல்லும் அதே ரவையாலேயே துவக்கைச் சரிபாருங்கள். 100 மீட்டரில் 3–4 சென்ரிமீட்டர் மேலே படும்படி வைப்பது இங்கே வழக்கம்.

காட்டில் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ் மூன்றிலொரு பங்கு உயரத்தில் குறிவையுங்கள். நுரையீரலில் பட்ட எல்க் பல வேளைகளில் ஒன்றும் நடக்காததுபோல நிற்கும். தவறிவிட்டது என்று நினைக்காமல் உடனே அடுத்த ரவையை ஏற்றுங்கள், நின்றால் மீண்டும் சுடுங்கள். ஓடிவிட்டால் பின்னால் ஓடாதீர்கள். வெடி பட்ட இடத்தை அடையாளமிட்டு இரத்தத்தைப் பாருங்கள். நுரையுடன் வெளிர்சிவப்பு என்றால் நுரையீரல், கருஞ்சிவப்பு என்றால் ஈரல், பச்சை கலந்தால் குடல். குடல் என்றால் மணிக்கணக்கில் காத்திருந்து, அங்கீகரிக்கப்பட்ட தேடல் நாயை அழைக்கவேண்டும். அந்த நாய் யாரிடம் இருக்கிறது என்பது முதல் வெடிக்கு முன்னரே குழுவில் பேசி முடித்திருக்கவேண்டிய விடயம்.