சாஃப்ட்வேரில் வீடு வரையப் பழகுபவர்களுக்கு: படிக்கட்டுக் கணக்கு

வீட்டு வரைபடம் போடும் ஸ்வீட் ஹோம் 3டி சாஃப்ட்வேர் இலவசம். பழக அதுவே போதும். திறந்த உடனே சோபாவையும் டிவியையும் இழுத்துப் போடாதீர்கள். முதல் வேலை சுவர்த் தடிமன். வெளிச்சுவர் 9 அங்குலம், உள்தடுப்பு 4½. இரண்டு பக்கப் பூச்சும் அறையைத் தின்னும், பீரோவுக்கு இடம் பார்க்கும்போது அதையும் கழியுங்கள்.

பத்திரத்து அளவை மட்டும் நம்பி மனையை வரையக் கூடாது. நாலு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டமும் டேப் பிடித்து அளக்கணும். 30×40 மனைக்கு இரண்டுமே 50 அடி வரணும். வராவிட்டால் மனை கோணல்.

புது ஆட்கள் சறுக்குவது படிக்கட்டில்தான். ரெடிமேட் படியை ஒரு மூலையில் செருகிவிடுகிறார்கள், அப்புறம் அது கிச்சனுக்குள் நீள்கிறது. கணக்கு இதுதான்: உள் உயரம் 10 அடி, கான்கிரீட் தளம் 5 அங்குலம், ஆக 125 அங்குலம். 20 ஏற்றம் (ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு உள்ள உயரம்) போட்டால் ஒவ்வொன்றும் 6¼ அங்குலம். நடுவில் திரும்பும் படி என்றால் ஒரு பக்கம் 10 ஏற்றம், 9 மிதி (கால் வைக்கும் பலகை). மிதி 10 அங்குலம் வீதம் 7½ அடி, லேண்டிங் (திரும்பும் இடத்து மேடை) 3 அடி. சுவர் நீங்கலாக நீளமே 10½ அடி! அகலம் 6 அடிக்குக் குறையாது.

லேண்டிங்குக்குக் கீழே டாய்லெட் கேட்பார்கள். அங்கே உயரம் 5 அடி 2½ அங்குலம், அதிலும் லேண்டிங் கான்கிரீட் போக மிச்சம்தான். 3டியில் ஆள் உயரத்தில் நடக்கவிட்டுக் காட்டுங்கள், வாதாடவே வேண்டாம்.

தொழிலுக்குப் பெயர்ப் போர்டு எழுதும்போது கவனம்: 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவு இல்லாமல் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போடக் கூடாது.