தனோட் மாதாவிடம் பெரியப்பா கேட்டது

ராஜஸ்தானில் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய தனோட் மாதா கோயிலுக்கு, ஜெய்சால்மரிலிருந்து ராம்கர் வழியாக ஏறக்குறைய 120 கிலோமீட்டர். காற்றாலைகள் பின்தங்கிய பிறகு மணலும் ஆங்காங்கே வன்னி மரங்களும்தான். விருத்தாசலத்தில் தல விருட்சமாக வணங்கும் மரம் இங்கே ஆடுகளுக்குத் தழை கொடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும், பெரியம்மா வண்டிக்குள்ளிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்த மரமாயிற்றே என்றேன். "இந்த உயரத்துக்கு ஒரு துப்பாக்கியைக்கூட ஒளிக்க முடியாது" என்றார் பெரியப்பா.

அவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். அங்கே கம்மவான்பேட்டை என்ற ஊருக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. சுற்றுவட்டாரத்திலும் டிரங்குப் பெட்டி இல்லாத வீடு குறைவு. பெரியப்பா சேர்ந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில். 1780-இல் தொடங்கியது, பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் தலைமையிடம். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. ராணுவம் முழுக்க இவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடும். ஹவில்தாராக ஓய்வுபெற்று, பேரன் எடுத்த பிறகும், பழைய நண்பர்களுக்கு அவர் தம்பிதான்.

2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு, ஆபரேஷன் பராக்ரம் என்ற பெயரில் படைகள் எல்லைக்கு நகர்ந்தன. மறு வருடம் அக்டோபர் வரை அங்கேயே நின்றன. சண்டை மூளவில்லை. ஆனாலும் கண்ணிவெடிகளைப் புதைத்ததிலும் திரும்பத் தோண்டியெடுத்ததிலும் பலர் உயிரையும் கை கால்களையும் இழந்தார்கள். பெரியப்பா அந்த மாதங்களை இந்த மணலில்தான் கழித்தார். ஊரில் எல்லோரும் "கார்கிலா?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் பேச்சு மழைக்கும் நெல் விலைக்கும் போய்விடும். எனக்கு அது எப்போதும் உறுத்தும். அவருக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை.

தனோட் மாதாவை ஹிங்லாஜ் மாதாவின் அவதாரம் என்கிறார்கள். ஹிங்லாஜ் இருப்பது பாகிஸ்தானின் பலுசிஸ்தானில்; அம்மனுக்கு எல்லைக்கோடு கிடையாது. 1965 போரில் இந்தக் கோயிலைச் சுற்றி ஆயிரக்கணக்கில் குண்டுகள் விழுந்தும் கோயிலுக்குச் சேதமில்லை என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. வெடிக்காத குண்டுகள் சிலவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தப் போருக்குப் பிறகு கோயில் நிர்வாகம் எல்லைப் பாதுகாப்புப் படையிடம் வந்துவிட்டது. பூசை செய்வதும் ஜவான்தான். வளாகத்தில் ஒரு வெற்றித்தூணும் இருக்கிறது, 1971 லோங்கேவாலா சண்டையின் நினைவாக.

பெரியப்பா அந்தக் குண்டுகளை வெகுநேரம் குனிந்து பார்த்தார். "மென்மையான மணலில் விழுந்தால் சில நேரம் ஃபியூஸ் வேலை செய்யாது. நானே பார்த்திருக்கிறேன்" என்றார். சொன்னவர் நேரே சந்நிதிக்குப் போய், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். இரண்டையும் சமாதானப்படுத்த அவர் முயலவே இல்லை. கண்ணிவெடிக் களத்தில் கணக்குப் பிசகாமல் எண்ணி வைத்தவர். எண்ணி முடித்ததும் சாமி பெயரைச் சொன்னவர். படைப்பிரிவில் ஞாயிற்றுக்கிழமை மந்திர் பரேடுக்கு அணிவகுத்துப் போவார்களாம். நேரத்துக்குப் போய், நேராக நின்று, முடிந்ததும் வேலைக்குத் திரும்புவது என்ற அந்தப் பழக்கம்தான் இன்றும் அவருடைய பக்தி. வீட்டில் விடியற்காலை விளக்கேற்றுவதும் அப்படியே. பெரியம்மாவுக்கு முட்டி வலி வந்த நாளிலிருந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவதும் அவர்தான். புள்ளிகள் அளந்தாற்போல இருக்கும்.

இங்கே வேண்டுதலுக்குக் கைக்குட்டை கட்டுவது வழக்கம். நிறைவேறினால் வந்து அவிழ்க்க வேண்டும். 2002-இல் கட்டியதை, சின்ன மகளின் கல்யாணம் முடிந்த கையோடு அவிழ்க்கத்தான் இந்தப் பயணம். கொடிகொடியாகத் தொங்கும் கைக்குட்டைகளுக்கு நடுவே எதைத் தேடுவது?

"அன்றைக்கு என்னதான் கேட்டீர்கள்?" என்றார் பெரியம்மா.

"லீவு."

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னவள் பிறந்தபோது இவருக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளை குப்புற விழும் பருவத்தில்தான் வந்து பார்த்தார். அந்த மாதங்களில் பெரியம்மா திங்கள்தோறும் விரிஞ்சிபுரம் போய் வழித்துணைநாதரைக் கும்பிட்டது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வயிற்றில் பிள்ளை, இடுப்பில் பெரியவள், கூட்டமான பஸ். லீவு, பதவி உயர்வு எதுவும் கேட்கவில்லையாம். "வைக்கிற அடிக்குக் கூட இரு" என்பது மட்டும்தான். கண்ணிவெடி வேலை என்று அவருக்கு யாரும் அப்போது சொல்லியிருக்கவில்லை.

மாலை ஆரத்திக்கு ஜவான்களே டோலக் வாசித்துப் பாடினார்கள். எனக்கு மொழி முழுதாகப் புரியவில்லை. பெரியப்பா வரிக்கு வரி கைதட்டினார். முடிந்ததும் பிரசாதம் கொடுத்த ஜவானிடம், தான் யார், எந்த வருடம் இங்கே இருந்தேன் என்று இந்தியில் சொன்னார். அந்தப் பையன் விறைத்து நின்று 'ஜெய் ஹிந்த்' சொன்னான். ஊர் எது, கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்த பெரியப்பா, தன் பையிலிருந்த புதுக் கைக்குட்டையை அவனிடம் கொடுத்துக் கட்டச் சொன்னார். அவனுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கவிருக்கிறதாம்.