காற்று அடிக்கிற வேலை

ஆகஸ்ட் 8, வியாழன்
இருங்காட்டுக்கோட்டை கார் ரேஸ் டிராக். 3.7 கி.மீ. சுற்று, 12 வளைவுகள். ஒரகடம் கார் கம்பெனி வேலையை விட்டு, ரேஸ் டீமில் இன்ஜினியராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. "காருக்குக் காத்து அடிக்கவா இன்ஜினியரிங் படிச்சே?" என்று அம்மா இன்றும் கேட்டாள். பாதி உண்மைதான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி
பயிற்சி. "அண்ணா, முன் டயர் ரோட்டைப் பிடிக்கவே மாட்டேங்குது" என்றான் ஓட்டுநர் தம்பி. 19 வயது. வளைவுக்குள் நுழையும்போதா, நடுவிலா, வெளியே வரும்போதா? நடுவில் என்றான். காரில் பதிவான டேட்டாவைத் திறந்து பார்த்தால், பிரேக்கைச் சட்டென்று விடுகிறான். உடனே பாரம் முன்சக்கரத்தை விட்டுப் பின்னால் போய்விடுகிறது. பிறகு எப்படிப் பிடிக்கும்? காரின் செட்டப்பில் கை வைக்கவில்லை. டீம் ஓனர் நகர்ந்தபின் டீ குடித்தபடி சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்காது. சாயங்காலம் ஒரு சுற்றுக்கு 0.4 விநாடி குறைந்தது.

ஆகஸ்ட் 10, சனி
என் தப்பு. மூன்றாவதாகக் கிளம்பி ஆறாவதாக வந்தோம். "ரைட்டுல திரும்பினா ஒரு மாதிரி, லெஃப்ட்ல வேற மாதிரி" என்றான். காலையில் நான்கு டயரிலும் ஒரே அழுத்தம்தான் வைத்தேன். ஆனால் ஷெட் ஓரத்தில் வலப்பக்கம் வெயில், இடப்பக்கம் நிழல். 10 டிகிரி வித்தியாசத்துக்கு டயர் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ மாறும். சூடான டயரில் கேஜ் காட்டிய எண் சரி, உள்ளே இருந்த காற்றுதான் குறைச்சல். ஓடி எல்லாம் சூடானதும் வலப்பக்கம் தொய்ந்துவிட்டது. "காத்து புடிச்சது நான்தானே" என்று மெக்கானிக் அண்ணன் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். எவ்வளவு காற்று என்று ஷீட்டில் எழுதியது நான்.

தூக்கம் வரவில்லை. 2005இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் நம் கோவை நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்ததை நினைத்துக்கொண்டேன். பக்கவாட்டில் சரிவாக அமைந்த வளைவின் வேகத்தை டயர் தாங்காது என்று மிச்செலின் டயர் போட்ட 14 கார்களும் ஒதுங்கிவிட, ஓடியவை ஆறுதான். அதிர்ஷ்டம் என்பார்கள். எனக்கு அது டயர் கதை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு
டயர்களை ராத்திரியே உள்ளே அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடினேன். நான்காம் இடம். தம்பிக்குத் திருப்தியில்லை, நல்லதுதான்.

மாலையில் மழை. அடுத்து கோவை செட்டிப்பாளையம். 2 கி.மீ.க்குச் சற்றே அதிகமான சுற்று, நேர்ப்பாதை குட்டை. அங்கே ஷெட்டில் எந்தப் பக்கம் வெயில் விழும் என்று மெக்கானிக் அண்ணனிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.